அண்ணன் சுட்ட சரிஞ்ச கேக்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் என் அண்ணன். அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது, அண்ணி சொல்கிறார், அச்சகத்துக்காரரும் சொல்கிறார். எனக்கு மட்டும் அந்த வியாழக்கிழமைக் காலை இன்னும் முடியவே இல்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். வரிசையாக எழுதப் பார்க்கிறேன். எங்காவது தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது நூம்பல் கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். இரும்புச் சாமான்களை உலையில் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, பதம் ஏற்றிக் கொடுக்கிற கம்பெனி அது. கடைசி நாள்வரை அந்த உலையடியில்தான் நின்றார். அவர் புருவம் எப்போதும் பாதி கருகியே இருக்கும். அவருக்கு இருபத்திரண்டு வயதாகும்போது அப்பா காலமானார். எனக்கு அப்போது பன்னிரண்டு. எங்களை அம்பத்தூரில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டிவந்து, அன்றிலிருந்து அண்ணனே எங்களுக்கு எல்லாமுமாக இருந்தார். அம்மா சமைப்பார், சாப்பிடுவார், தூங்குவார். சிரிப்பை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, அரையாண்டு லீவு முடிந்து ஒரு தோழி பள்ளிக்கூடத்துக்கு பிளம் கேக் கொண்டுவந்தாள். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டு. எனக்கு முழுசாக ஒன்று வேண்டும் என்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அடம் பிடித்தேன்.

"சீசன் வரட்டும் பாப்பா," என்றார்.

பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் கேக் வரிசையாக இருக்கிறது, இவர் என்ன சீசனைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரே கோபம். ஆனால் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டு வாசலில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, ஹீட்டர் காயில் மாட்டி, கம்பெனியில் கழித்துக் கட்டிய சூடு காட்டும் மீட்டரையும் முகப்பில் பொருத்தி, கேக் சுடுகிற அவன் அடுப்பு ஒன்றைச் செய்து முடித்தார். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போனவர் ஒரு பை நிறைய ஊட்டி பிளம்ஸோடு திரும்பினார். கறுஞ்சிவப்பாக, புளிப்பும் இனிப்புமான பழங்கள்.

பிளம் கேக் என்றால் பிளம்ஸ் பழத்தில் செய்வது என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்! ஆறு மாதம் பழத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்!

கம்பெனிக்குப் பக்கத்து பேக்கரியில் கேட்டுவந்தபடி மைதா, சர்க்கரை, வெண்ணெய், பால், பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்தார். பழங்களைக் கொட்டை நீக்கி, சர்க்கரை தூவி, தட்டில் அடுக்கி, மேலே மாவைப் போட்டார். உலைக்குள் சாமான் வைக்கிற அதே முகத்தோடு தட்டை உள்ளே தள்ளி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே எடுத்தபோது மாவு பாளம் பாளமாக வெடித்து, நடுவே சரிந்து, சிவப்புச் சாற்றுக்குள் முக்கால்வாசி முங்கிக் கிடந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அய்யோ அண்ணே! பிளம் கேக்ல பிளம்ஸே போட மாட்டாங்கண்ணே! அது காஞ்ச திராட்சை!"

அண்ணன் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "அப்பொறம் இன்னாத்துக்கு பிளம் கேக்குனு பேரு வெச்சிக்கீறாங்க?" என்றார்.

சுவரில் சாய்ந்திருந்த அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தோம். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். "டேய், உன் கேக்கு சரிஞ்சி பூட்சிடா," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் தின்றோம். அத்தனை ருசி. அன்றிலிருந்து அதற்குச் சரிஞ்ச கேக் என்றே பெயர்.

பிறகு வருஷா வருஷம் ஜூனில் பிளம்ஸ் வரும், அண்ணன் சுடுவார், அது சரியும், நான் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் தாமும் மணம் முடித்து அண்ணியை அழைத்துவந்தார். அம்மாவைக் கடைசிவரை முகம் கோணாமல் பார்த்துக்கொண்டார். இத்தனைக்கும் நடுவில் ஒரு ஜூனைக்கூட அவர் விட்டதில்லை.

குவார்ட்டர்ஸில் எங்கள் மாடி வீட்டு அம்மா ஒருமுறை அதைச் சாப்பிட்டுவிட்டு, வெளிநாட்டில் இது இப்படியேதான் இருக்கும், இதற்குப் பெயர் காப்ளர் என்றார். அகராதியில் பார்த்தால் செருப்புத் தைப்பவர் என்று போட்டிருந்தது. அண்ணனிடம் சொன்னேன். "பிளம்ஸ் இல்லாதது பிளம் கேக்காம், செருப்பு இல்லாதது காப்ளராம். இங்கிலீஷ்காரன் பேரு வெக்கிறதே இப்டிதான் பாப்பா," என்றார்.

இப்போது போன வருஷ ஜூனுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அந்த ஞாயிறு என் கணவரின் உறவினர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். அண்ணன் தட்டைத் துண்டில் சுற்றி, எலக்ட்ரிக் ட்ரெயினில் நின்றுகொண்டே ஆவடிக்கு வந்தார். துண்டைப் பிரித்ததும் வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"பாருங்க, பதினஞ்சு வருஷத்துக்கு மேல பர்னஸ்ல வேலை. இரும்புக்கே பதம் வைக்கிறவரு. ஒரு கேக்க நிக்க வைக்கத் தெரியல!"

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "அப்போ கம்பெனில எப்படி வச்சிருக்காவ?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அண்ணன் புன்னகையோடு கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். காபி போடுவதற்குள் எழுந்துவிட்டார். "ஷிப்ட் கீது பாப்பா, வர்ட்டா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஷிப்ட் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்நியர் நடுவில் அவர் தொழிலையே கேலி பேசிவிட்டேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அடுத்த ஞாயிறு போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. வியாழக்கிழமை காலை, கம்பெனி வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. "அண்ணன் போயிட்டாரும்மா," என்றது ஒரு குரல். நான், "எந்த அண்ணன்?" என்று கேட்டேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆவடியிலிருந்து அம்பத்தூர் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றும் தெரியவில்லை. வாசலில் அண்ணி என்னைப் பார்த்து, "கையில என்னம்மா?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். கழுவித் துடைத்த கேக் தட்டு. சாவு வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்த ஒரு வருஷமாக ஒரே கேள்விதான். அவர் மனசு நொந்து போய்விட்டாரா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அண்ணியிடம் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

போன மாதம் இந்த மலருக்குப் படம் தேடினோம். கம்பெனி லாக்கரிலிருந்து எடுத்துக் கொடுத்த பையை அண்ணி பிரிக்காமலே வைத்திருந்தார். அன்று பிரித்தோம். நீங்கள் பார்த்த படம் அதில்தான் இருந்தது. கூடவே, கம்பியில் கோத்த ஜாப் கார்டுகள் கொஞ்சம். உலைக்குள் போகிற ஒவ்வொரு தட்டுச் சாமானோடும் ஒரு கார்டு கட்டி, சூடு, நேரம், முடிவு எழுதுவது அங்கே வழக்கம். இந்தக் கார்டுகளில் பொருள் என்ற இடத்தில் 'பிளம்ஸ் கேக்' என்று அண்ணன் கையெழுத்தில் இருந்தது. வருஷத்துக்கு ஒன்று.

முதல் கார்டு: 'சரிந்தது. அம்மா சிரித்தார். ஓகே.'

இரண்டாவது: 'நன்றாக நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ரிஜெக்ட்.'

மூன்றாவது: 'பழம் கூட்டி, மாவு குறைத்து, பத்து நிமிஷம் முன்னால் எடுத்தது. சரிந்தது. ஓகே.'

அவருக்கு நிற்க வைக்கத் தெரிந்திருக்கிறது! இரண்டாம் வருஷமே நிற்க வைத்திருக்கிறார். அந்தக் கேக் எனக்கு ஞாபகம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வேண்டுமென்றே சரிய வைத்திருக்கிறார். அவரோடு உலையில் வேலை பார்த்த நண்பரிடம் கார்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அண்ணாத்தே கார்டுல பொய் எய்த மாட்டாரும்மா. ஓகேன்னா ஓகேதான்," என்றார். ஆவடியிலிருந்து ஷிப்ட் என்று சொல்லி எழுந்துபோன அந்த ஞாயிறு பற்றிக் கேட்டேன். "அன்னிக்கி பர்னஸ்ல செங்கல் மாத்துற வேலம்மா. நானும் அவரும்தான் வந்திர்ந்தோம்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கடைசிக் கார்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணிதான் வாங்கி வாசித்தார். 'ஆவடி. சரிந்தது. பாப்பா ரொம்ப சிரித்தது. ஓகே.'

அண்ணனைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய கம்பெனித் தோழர்கள், போன் செய்தி கொண்டுவந்த பக்கத்து வீட்டார், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் சோறு கொண்டுவந்த தெருக்காரர்கள், இரவல் கேட்காமலே பந்தலும் நாற்காலியும் போட்டுத் தந்தவர்கள், அண்ணியைத் தனியே விடாமல் மாற்றி மாற்றித் துணையிருந்த பெண்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

போன ஞாயிறு அண்ணன் செய்த அந்த அவன் அடுப்பில், மூன்றாவது கார்டில் இருந்தபடியே நானும் அண்ணியும் பிளம்ஸ் கேக் சுட்டுப் பார்த்தோம். அழகாகச் சரிந்தது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம். அண்ணன் கணக்குப்படி அது ரிஜெக்ட். இன்று மறுபடி சுட்டிருக்கிறோம். படையல் முடிந்ததும் உங்கள் ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தில் வரும். கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள். அண்ணன் படத்துக்குக் கீழே புதிதாக ஒரு கார்டு கட்டியிருக்கிறோம். சூடு, நேரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. முடிவை மட்டும் நிரப்பவில்லை. உங்களில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால்தான் அதை எழுத முடியும்.