திண்டுக்கல் மணலில் பன்னிரண்டு ஆண்களும் எங்கள் வசந்தியும்

வயசுப் பெண்ணையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பந்தயத்துக்காக வெளியூர் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் இருந்தாலும் அவருக்காக இதை எழுதுகிறேன். போய் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. குழந்தை தூங்கினால்தான் பேனாவை எடுக்க முடிகிறது.

வசந்தி என் நாத்தனார், பதினாறு வயது. கொடைக்கானலில் என் மாமனார் தோட்ட மேலாளராக இருக்கிறார். எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் கோல்ஃப் மைதானம். வேலி தாண்டி விழும் பந்துகளைத் திருப்பி அடித்து அடித்தே அவள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். இப்போது அங்கே அவளிடம் தோற்காத பெண் இல்லை. துரைமார்களில் பாதிப் பேர் அவளோடு ஆட நேரமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆவணியில் திண்டுக்கல்லில் ஒரு போட்டி வந்தது. இதை ஆடியே பிழைக்கிற தொழில்முறை ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், முதல் நான்கு இடத்துக்குள் வருகிறவர்கள் பெங்களூர் பெரிய போட்டிக்குப் போகலாம் என்றார்கள். மலைக் கிளப் வசந்தியின் பெயரை அனுப்பியது. யாரும் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

மாமனார் ஒரே பேச்சில் முடித்தார். "நாலுக்குள்ள வந்தா ஒரு வருஷம் ஆடட்டும். வரலைன்னா தையில கல்யாணம். கரூர் ஜாதகம் பொருந்தியிருக்கு." மாமியாருக்குக் கால் வீக்கம், என் கணவருக்கு நெய்வேலியில் வேலை. துணைக்கு நான், என் இடுப்பில் எட்டு மாதப் பையன்.

காலை ஆறரைக்குக் கொடைக்கானலில் பஸ். திண்டுக்கல்லுக்கு ஐம்பத்தாறு மைல், ஆளுக்கு இரண்டு ரூபாய் எண்பது காசு. மட்டைப் பைக்கு அரை டிக்கெட் கேட்டார் கண்டக்டர். "உள்ள என்னம்மா, துப்பாக்கியா?" என்று வேறு கேட்டார். மலைப்பாதை இறங்கும்வரை ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள், குழந்தைக்கு வாந்தி வரும். வத்தலக்குண்டில் அரைமணி நிற்கிறது, காப்பி நன்றாக இருக்கும். ஆனால் நான் இறங்கவில்லை. பஸ் கூரையில் பை இருந்தது. டிரைவர் இரண்டு பேரோடு பேசிக்கொண்டே கூரையைக் காட்டினார். எதற்குக் காட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது வாழைத்தார் ஏற்றுகிற விஷயமாம்.

செம்பட்டி தாண்டினால் சமவெளி. மைல்கல்லுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கிலோமீட்டர் கல்லும் நட்டிருக்கிறார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை. பதினொன்றரைக்கு மலைக்கோட்டை தெரிந்தது, கூடவே தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடையும் வந்தது. திண்டுக்கல் கிளப்பில் கார் அனுப்பியிருந்தார்கள். அந்த டிரைவர் பெரிய ரோட்டை விட்டுவிட்டுச் சந்துக்குள் திருப்பினார்.

"எதுக்கு இந்தப் பக்கம் போறீங்க?"

"அங்கிட்டு பாலம் வேலை நடக்குதும்மா. வேணும்னா வாய்க்கால்ல எறக்கி ஓட்டவா?"

வசந்தி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஜமீலா அக்கா. அவர் கணவர் தோல் வியாபாரி, கிளப்பில் உறுப்பினர். வீடு பேகம்பூர் பக்கம். வாசலில் கால் வைத்ததும் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். பால் வந்ததும் நான் முகர்ந்து பார்த்தேன். தண்ணீர் எந்தக் கிணறு என்றும் கேட்டேன்.

"ஏந் தங்கச்சி, எம் பிள்ளைக நாலும் இந்தப் பாலக் குடிச்சுத்தான் இம்புட்டு ஒசரம் வளந்திருக்கு. வேணும்னா மாட்டக் கூப்பிட்டு நிறுத்துறேன், நீயே விசாரிச்சுக்க" என்றார் அக்கா.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானம். நகரிலிருந்து எரியோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் ஏழு மைல். மைதானம் என்றால் புல்லை நினைக்காதீர்கள். சோளத்தட்டை அறுத்த காடு மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு பாழுங்கிணறு, ஓரமெல்லாம் வேலிக்கருவை. ஒன்பது குழிதான் வெட்டியிருக்கிறார்கள், அதையே இரண்டு தடவை சுற்ற வேண்டும். மலையில் குழியைச் சுற்றிப் பட்டுப்போலப் புல் இருக்கும். இங்கே தண்ணீர் இல்லாததால் எண்ணெய் கலந்த மணலைக் கொட்டி வட்டமாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அதன் மேல்தான் பந்தை உருட்ட வேண்டும். நடந்த தடம் மணலில் பதிந்திருக்கும் என்பதால், நீளக் கம்பில் கோணி சுற்றிய பலகையைக் கட்டி, பந்துக்கும் குழிக்கும் நடுவே இழுத்துச் சமமான தடம் போட்டுக்கொள்ளலாம். இது இந்தப் பக்கத்து வழக்கம். பை தூக்குகிறவர்தான் இழுப்பார்.

கிளப் காரியதரிசி கைகூப்பி வரவேற்றார். "பாப்பாவுக்குன்னு அம்பது கஜம் முன்னால தனியா ஒரு மேடு போட்டு வச்சிருக்கோம். அங்கேருந்து அடிக்கட்டும், கை வலிக்காது."

கேட்காமலே ஒருவர் ஐம்பது கஜம் கொடுக்கிறார் என்றால் எதை எடுத்துக்கொள்ளப் போகிறார்? வேண்டாம் என்று நான் வாய் திறக்கும் முன்பே வசந்தி ஆண்கள் மேட்டில் போய் நின்றிருந்தாள். அங்கே நின்ற அருள்சாமி இந்தக் கிளப்பிலேயே ஆட்டம் சொல்லித்தருகிறவர். சின்ன வயதில் பை தூக்கி மேலே வந்தவர்.

"பாப்பா, பந்து கெணத்துல விழுந்தா சொல்லு, மாமா எடுத்துத் தாரேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"எடுத்துத் தாரதுதானே மாமா உங்க பழைய வேல" என்றாள் வசந்தி.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிக்கொண்டார்.

முதல் அடி நன்றாகத்தான் போனது. எல்லாம் மணலில்தான் கெட்டது. நாலு முழத்திலிருந்து உருட்டிய பந்து ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த குழியிலும் அப்படியே. நான் குடைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு பார்த்தேன். அவளுக்குப் பை தூக்கியவர் சவரிமுத்து, நாற்பது வயதிருக்கும். மற்றவர்களுக்குப் பலகை இழுக்கிறவர்கள் பந்திலிருந்து குழியை நோக்கி இழுத்தார்கள். சவரிமுத்து குழியிலிருந்து பந்தை நோக்கி இழுத்தார். மணல் பந்தை எதிர்த்து நிற்காதா?

ஆட்டம் முடிந்ததும் விசாரித்தேன். நான் நினைத்ததைவிட மோசம். சவரிமுத்து அருள்சாமியின் மைத்துனராம். நேரே போய்க் கேட்டேன்.

"ஆமாம்மா, எந் தங்கச்சியத்தான் அவருக்குக் கட்டிக் குடுத்திருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய? தங்கச்சிய திருப்பிக் கூட்டிட்டு வரவா?"

"பலகைய ஏன் எதிர்ப்பக்கமா இழுத்தீங்க?"

"நான் இருவது வருசமா இப்பிடித்தாம்மா இழுக்கேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குறைந்த அடியில் முடிக்கிறவர்தான் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பார்; அன்று வசந்தி எண்பத்து மூன்று அடி. பதின்மூன்று பேரில் ஒன்பதாவது இடம். ஜமீலா அக்கா வீட்டுக்குத் திரும்பி, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "கரூர்ல கோல்ஃப் இருக்கா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்குப் பலகைய நீயே இழு" என்றேன்.

மறுநாள் அவள் கம்பைக் கையில் எடுத்ததும் ஒரு சலசலப்பு. ஆடுகிறவர் இழுப்பது வழக்கமில்லை என்றார் ஒருவர். கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வசந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மணலில் இறங்கி இழுத்தாள். இழுத்துக்கொண்டே போகும்போது எங்கே மணல் ஆழம், எங்கே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிட்டதாம். இதை அவளே பிறகு சொன்னாள். மூன்றாவது குழியில் பந்து நேராக உள்ளே போனது. ஐந்தாவதிலும் போனது. காற்று புழுதியை வாரி அடித்தது, நான் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கருவைக்குள் பந்தைத் தொலைத்தார். சவரிமுத்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று எழுபத்தைந்து. இரண்டு நாளும் சேர்த்து நூற்று ஐம்பத்தெட்டு. அருள்சாமிக்கு நூற்று ஐம்பத்தொன்பது. கணக்கை நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், வசந்தி நாலாவது.

பகல் ஒரு மணிக்குப் பந்தலில் பரிசளிப்பு. எங்களுக்கு மூன்று மணிக்குப் பஸ். ஜமீலா அக்காவும் வந்திருந்தார். காரியதரிசி ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஒருவர் கரும்பலகையில் எழுதினார். முதல் மூன்று இடமும் வெளியூர்க்காரர்களுக்கு. "நாலாவது, நம்ம அருள்சாமி" என்றார். கைதட்டல். பிறகு இன்னும் பெரிய புன்னகையோடு, "பெண்கள் பிரிவில் முதலிடம், செல்வி வசந்தி" என்று சொல்லிச் சந்தன மாலையையும் வெள்ளிக் குங்குமச்சிமிழையும் எடுத்தார்.

பெண்கள் பிரிவில் ஆடியது அவள் ஒருத்திதான். டிரைவர், பால், பலகை என்று மூன்று நாளாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், கைகூப்பிக்கொண்டே வந்த இதைச் சரியாகச் சந்தேகப்படவில்லை.

எழுந்து நின்றேன். "அவ ஆம்பளைங்க மேட்டுலருந்துதான் ஆடினா. நாலாவது அவதான்."

"முன்மேடு பாப்பாவுக்குன்னு போட்டதும்மா. பெண்கள் பிரிவுன்னு நேத்தே முடிவு பண்ணிட்டோம். எங்கேருந்து அடிச்சான்னு இப்ப யாரு பாத்தா?"

"பை தூக்குனவரக் கேளுங்க."

சொன்ன பிறகுதான், யாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. பந்தலின் ஓரத்தில் சவரிமுத்து நின்றார். நாலடி தள்ளி அருள்சாமி. வசந்தி மாலையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "பின்மேடுதாங்கய்யா. ரெண்டு நாளும், எல்லாக் குழிக்கும். முன்மேட்டுல அந்தப் பிள்ள காலே வைக்கல."

"ஏலே சவரி!" என்றார் அருள்சாமி.

"கேட்டாக, சொன்னேன் மச்சான். ஒன் தங்கச்சியா நெனச்சு நீயும் சொல்லு, பாத்தியா இல்லையா?"

அருள்சாமி தொப்பியைக் கழற்றினார். "பாத்தேன்" என்று ஒரே சொல். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

காரியதரிசி, திங்கட்கிழமை கமிட்டி கூடிப் பேசி எழுதி அனுப்புகிறோம் என்றார். மழுப்புகிறார் என்று தெரிந்தது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. "இப்பவே மாத்தி எழுதுங்க, நாங்க நிக்கிறோம்" என்றேன்.

"நானும் நிக்கிறேன். எங்க வீட்டு மாமாவ வேணும்னா கூப்பிடட்டா?" என்று ஜமீலா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். அவர் கணவர்தான் அந்தப் பந்தலுக்குச் செலவு செய்தவராம், எனக்கு அப்போது தெரியாது. ஈரத்துணி வந்தது, நாலாவது பெயர் அழிந்தது, "வசந்தி" என்று எழுதினார்கள்.

காருக்கு நடக்கும்போது சவரிமுத்துவிடம் நன்றி சொன்னேன். மனசு கேட்கவில்லை, முதல் நாள் பலகையைப் பற்றியும் கேட்டுவிட்டேன்.

"இன்னைக்குக் கேட்டதுக்குச் சொல்லிட்டேன். நேத்தியது மட்டும் கேக்காதீகம்மா" என்றார்.

மாமனார் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்று கரூருக்குக் கடிதம் போயாகிவிட்டது. பெங்களூரில் எந்த மண், எந்த மணல் என்று வசந்தி இப்போதே விசாரிக்கிறாள்.

போகிறவர்களுக்கு: ஆவணியில் காற்றும் புழுதியும் அதிகம், குழந்தைக்கு மெல்லிய துணி நாலைந்து வேண்டும். குடிக்கத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துப் போங்கள், மைதானத்தில் கிணறு இருந்தும் தண்ணீர் இல்லை. மணல் மைதானமானால் ஒரு நாள் முன்னதாகப் போய் வெறுங்காலில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பாலைப் பற்றிக் கேட்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், எழுதி அனுப்புகிறோம் என்று சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். மூன்று மணி பஸ் போனால் ஐந்து மணிக்கு ஒன்று இருக்கிறது, நாங்கள் அதில்தான் வந்தோம்.