முன்சக்கரம் சுற்றவில்லை

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சேற்றில் இறக்குவதே இல்லை. ஓசூரில் எங்கள் தெருவிலேயே அப்படிச் சில வண்டிகள் நிற்கின்றன. வாரம் தவறாமல் நுரை போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். அவை ஏறுகிற அதிகபட்ச மேடு வேகத்தடைதான். கேட்டால், இந்தப் பட்டனைத் திருகினால் மலையே ஏறும் என்பார்கள். திருகிப் பார்த்தீர்களா என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஜீப். என் ஜீப் பழசு. கூரை ஒழுகும், ஏசி கிடையாது, பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அகலமான டயர் பார்க்கத்தான் அழகு. சேற்றில் அது மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும்; ஒல்லி டயர்தான் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரிப் பள்ளத்திலிருந்து கிரானைட் கல்லைச் சுமந்து மேலே ஏறி வருகிற லாரியைப் பார்த்த பிறகு, நாங்கள் ஓட்டுவதெல்லாம் பொம்மை என்று தோன்றும். அதற்குப் பின்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும், மீதியை ஓட்டுகிறவரின் கால் பார்த்துக்கொள்ளும். டிராக்டரைப் பற்றி மட்டும் எங்கள் ஜீப் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டோம். எங்கள் காட்டுச் சவாரிகளில் பாதி, யாராவது ஒரு விவசாயி டிராக்டர் கொண்டுவந்து எங்களை இழுத்து விடுவதில்தான் முடிந்திருக்கிறது.

இந்தக் கருத்துகளையெல்லாம் வருஷக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டிருப்பவள் என் மனைவி. காதில் வாங்கினாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் மழையில் நனையாமல் மாதா கோயிலுக்குப் போய்ச் சேர ஒரு சாதாரண கார். ஜீப்பை விற்றுவிடுங்கள் என்று நல்லபடியாகவும் சொல்லிப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் சொல்லிப் பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தபோது அவளுடைய அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் ஜவளகிரிப் பக்கம் தக்காளி பயிரிடுகிறவர்.

"மாப்ள, பிக்கப் வண்டி தக்காளிக் கொல்லையில மாட்டிக்கிச்சு. லோடு ஏத்தியாச்சு. பழமெல்லாம் நல்லா செவந்துருச்சு. இன்னைக்கு ராயக்கோட்டை மண்டிக்குப் போவலேன்னா நாளைக்கு ரசம்தான் வெக்கணும். உங்க ஜீப்பு இழுக்குமா, இல்ல டிராக்டருக்குச் சொல்லட்டுமா?"

டிராக்டர் என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. "டிராக்டரெல்லாம் எதுக்கு மச்சான்? நான் வர்றேன்" என்றேன்.

என் மனைவி குடையை மடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். "இன்னைக்கு இது எங்கண்ணன் வண்டிய இழுத்துருச்சுன்னா, நான் இனிமே இதப் பத்தி வாயே தொறக்கல. இழுக்கலேன்னா வர்ற வாரம் வித்துரணும். சரியா?"

சரி என்றேன். அவ்வளவு நம்பிக்கை.

போய்ப் பார்த்தால், கொல்லையிலிருந்து மேலேறும் செம்மண் பாதையில் பிக்கப்பின் பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்திருந்தன. மச்சான் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றார். நான் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மேட்டுப் பக்கமாக ஜீப்பை நிறுத்தினேன். மச்சானே கயிற்றைக் கட்டிவிட்டார். நான் இறங்கவே இல்லை. உள்ளே இருந்தபடி ஃபோர் வீல் லிவரைப் போட்டு, லோ கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

ஜீப் நகரவில்லை. பின்சக்கரங்கள் சேற்றை வாரி அடித்தன. மறுபடி மிதித்தேன். இன்னும் கொஞ்சம் புதைந்தது. மச்சானின் சட்டை முழுக்கச் செம்மண். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கன்னடத்தில் டிராக்டர் கேட்க ஆரம்பித்தார். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு வாசலில் ஜீப் நிற்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

வரப்பில் நின்றிருந்த என் மனைவி குடையைக் கீழே வைத்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்து, ஜீப்பின் இடது முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குமிழைக் கையால் திருகினாள். எழுந்து என்னைப் பார்த்து, வலது பக்கம் என்று முகவாயால் காட்டினாள்.

பழைய ஜீப்புகளில் லிவரைப் போட்டால் மட்டும் போதாது. இறங்கிப் போய் முன்சக்கரம் இரண்டிலும் அந்தக் குமிழைத் திருகிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரங்களுக்கு இழுவையே போகாது, அவை சும்மா நிற்கும். எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உபதேசமெல்லாம் ஊருக்கு. வெள்ளை வேட்டியை நினைத்து நான் இறங்காமலே இருந்துவிட்டேன்.

குதித்து ஓடி வலது பக்கத்தைத் திருகினேன். வேட்டியின் வெள்ளை போன இடம் தெரியவில்லை. இந்த முறை மெதுவாக மிதித்தேன். நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்தன, கயிறு விறைத்தது, பிக்கப் ஒரு முனகலோடு மேலே வந்தது. ஒரு பெட்டிகூடச் சரியவில்லை.

"பரவால்லியே மாப்ள, இழுக்குதே!" என்றார் மச்சான். டிராக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே பிக்கப்பில் ஏறி ராயக்கோட்டைக்குக் கிளம்பினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் தெருவில் நிற்கிற அந்தப் பளபளப்பு வண்டிகளைக்கூட மன்னித்திருப்பேன்.

திரும்பும்போது தார் ரோடு வந்ததும் நிறுத்தினேன். பூட்டியதை அங்கே எடுத்துவிட வேண்டும். நான் சொல்வதற்கு முன்பே அவள் இறங்கி இடது பக்கத்தைத் திருகிவிட்டாள்; வலது பக்கத்தை நான் திருகினேன். சேலையின் கீழ்ப்பாதி செம்மண்ணில் ஊறியிருந்தது.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ வரப்புலயே நின்னிருந்தா வர்ற வாரம் ஜீப்பை வித்திருப்போமே. எதுக்கு இறங்கி வந்தே?"

அவள் சாலையோரப் பள்ளத்துத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விக்கத்தான் சொன்னேன். எங்கண்ணன் முன்னாடி நீங்க தலகுனிஞ்சு நிக்கணும்னா சொன்னேன்?" என்றாள்.