பதினோராவது சீட்டு

"ஒரு சீட்ட மனசில வெச்சிக்கங்க புள்ள. வாயால சொல்லாதீங்க" என்றபடி அபூதாஹிர் மேசையில் சீட்டுகளை முகம் தெரியப் பரப்புகிறார். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. எதிர்க் கதிரையில் மனைவி ஹுஸ்னியா. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு இது நடந்தாகவேண்டும். கல்யாணம் முடித்த காலந்தொட்டு வருகிற பழக்கம்.

மனிதருக்குத் தொழில், இறங்குதுறையில் மூதூர் வள்ளத்துக்கு டிக்கெட் கிழிப்பது. பைத்தியம், வித்தைப் புத்தகங்கள். அலுமாரியில் உடுப்பு வைக்க இடமில்லை. புறாவை மறைத்தவர்கள், ஆளைப் பெட்டிக்குள் வைத்து அறுத்தவர்கள் என்று பழைய வித்தைக்காரர்களின் சரித்திரமெல்லாம் விழுந்து விழுந்து வாசிப்பார், ஆனால் மதிக்கமாட்டார். "அது கைக்களவு. கணக்கில களவில்ல" என்பார். வீட்டில் சீட்டுக்கட்டா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கும் அதே பதில்தான்.

வித்தை இவ்வளவுதான்: நினைத்த சீட்டு எந்த வரிசையில் கிடக்கிறது என்று மட்டும் ஹுஸ்னியா காட்டவேண்டும். அந்த வரிசையை நடுவில் வைத்து அள்ளி, மறுபடி பரப்புவார். மூன்றாம் முறை அள்ளியதும் பதினோராவது சீட்டு அவள் நினைத்ததாக இருக்கும். இருந்தே தீரும்.

இந்த வருசம் நோன்புக்குப் பிறகு அது பிழைக்கத் தொடங்கியது. "இது இல்லயே" என்பாள். அப்ப எது என்று கேட்டால் யோசிப்பாள். மனிதர் புத்தகத்தில் அச்சுப் பிழை என்றார். புதுச் சீட்டுக்கட்டு வாங்கினார். அடுப்பில் சட்டி கருகியதையும், ஹுஸ்னியா தன் சொந்தத் தங்கச்சியையே "நீங்க ஆரு?" என்று கேட்டதையும் சொல்லி, "உம்மாவ டொக்டரிட்டக் காட்டுவம் வாப்பா" என்று மகள் அசனா கிண்ணியாவிலிருந்து போனில் அழுதபோதும் அதே கதை. "உம்மாக்கு ஒண்டுமில்ல மகள். புத்தகம்தான் பிழை." என்ன பிடிவாதம், பாருங்கள்!

நேற்று இறங்குதுறையில் வள்ளக்காரர் றுவைஸுக்குப் போட்டுக் காட்டினார். சரி வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் சரி. றுவைஸ் கை தட்டிச் சிரித்தார். இவரோ சிரிக்காமல் சீட்டுகளை அள்ளிக் கட்டினார்; புத்தகத்தில் பிழையில்லை.

இன்று மூன்றாம் முறை அள்ளியதும் அவர் பதினோராவதை எடுக்கவில்லை. பரப்பாமல் ஒதுக்கி வைத்திருந்த மிச்சக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். அவள் கண்ணிலேயே படாத சீட்டு.

"இதுதானே புள்ள?"

ஹுஸ்னியா சீட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகம் வாடினால் அவளுக்குப் பொறுக்காது.

"ஓம், இதேதான்" என்றாள். "உங்கட கணக்கு எப்பயும் பிழைக்காது."

அவர் போனை எடுத்தார். "மகள், அந்த டொக்டரிட்ட உம்மாவக் கொண்டு போவம்" என்றார். ஹுஸ்னியா மேசையில் கிடந்த சீட்டுகளையெல்லாம் கூட்டி அள்ளி, "இன்னொருக்காப் போடுங்களன்" என்று நீட்டினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் பரப்பத் தொடங்கினார்.