வெள்ளவத்தையில் நாங்கள் செய்த பம்புகள்

எங்கள் தொழிலில் பம்ப் செய்வோம், தொட்டி செய்வோம், கொதிகலன்கூடச் செய்வோம். ஆனால் எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். தொழிற்சாலை வடிவமைக்கிறவர்கள் ஒவ்வொரு பம்பையும் முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்க முடியாதல்லவா? அதனால் நாங்கள் ஒரு பம்பை ஒருமுறை செய்து, நீளம், உயரம், குழாய் பூட்டும் வாய் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு போடக் கட்டங்கள் வைத்துவிடுவோம். அவர்கள் தங்களுக்கு வேண்டிய அளவைப் போட்டால் பம்ப் எழுந்து நிற்கும். இதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். கம்ப்யூட்டர் முன்னால் கழுத்து வலியோடு உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

கொழும்பில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒஃபிஸ். நான், நஸ்ரின், கிளமென்ட் அண்ணன் என்று மூன்று பேர். எங்களுக்கு மேலே கணேஷ் சேர். சென்னையில் ஒரு கம்பனிக்காக டெம்ப்ளேட்டுகள் செய்துகொண்டிருந்தோம். அவற்றைச் சரிபார்த்துப் பிழை சொல்கிறவர் அங்கேயிருந்த முரளி சார்.

கிளமென்ட் அண்ணன் கொட்டாஞ்சேனைக்காரர். கட்டாரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வந்து இறங்கிய அன்று அவருடைய மகள் அவரை "அங்கிள்" என்று கூப்பிட்டாளாம். இனிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். "இந்த வேலை இருக்கிற வரைக்கும் நான் பிளேன் ஏற மாட்டேன்" என்று அடிக்கடி சொல்வார். வேலை இருக்குமா என்பதுதான் கேள்வி. இதை நல்லபடி முடித்துக் கொடுத்தால் அடுத்த வேலையும் எங்களுக்கே வரும் என்று கணேஷ் சேர் நம்பினார். நாங்களும் நம்பினோம். அண்ணனுக்காகவே கொஞ்சம் கூடுதலாக மினக்கெட்டோம்.

துணையில்லாத நாசில்

குழாய் பூட்டும் வாயை எங்கள் ஆட்கள் நாசில் என்பார்கள். அதைத் தொட்டியின் சுவரோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். அப்போதுதான் தொட்டி பருத்தாலும் மெலிந்தாலும் நாசில் கூடவே போகும். நஸ்ரின் செய்த முதல் தொட்டியில் நாசிலுக்கு ஒரு நிரந்தரமான இடத்தைக் கொடுத்துவிட்டாள். அவள் போட்டுப் பார்த்த அளவுக்குத் தொட்டி லட்சணமாகத்தான் இருந்தது.

சென்னையில் ஒல்லியான தொட்டி வேண்டுமென்று அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள். தொட்டி மெலிந்தது, நாசில் நின்ற இடத்திலேயே நின்றது. முரளி சார் போன் எடுத்தார். கோபிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார்: "மேடம், உங்க நாசில் மட்டும் தனியா நிக்குது. பக்கத்துல யாருமே இல்ல."

கடல் பக்கம்

எங்கள் பக்கத்தில் யாரும் வழி சொல்லும்போது கிழக்கு மேற்கு என்பதில்லை. கடல் பக்கம், ரோட்டுப் பக்கம், அதோடு சரி. நான் வெள்ளவத்தை, நஸ்ரின் தெஹிவளை, அண்ணன் கொட்டாஞ்சேனை. மூன்று பேருக்கும் கடல் மேற்கில்தான். அதனால் ஒஃபிஸிலும் அப்படியே கதைத்துப் பழகிவிட்டோம். "நாசிலைக் கடல் பக்கம் திருப்பு" என்றால் கை தானாக மேற்கே போகும்.

ஒருநாள், தண்ணீரை உள்ளே இழுக்கும் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று முரளி சார் போனில் கேட்டார். கிளமென்ட் அண்ணன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே "கடல் பக்கம் சேர்" என்றார். முரளி சாரும் மறு கேள்வி கேட்காமல் குறித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான் வழி சொல்வார்களாம். சென்னையில் கடல் கிழக்கில் இருக்கிறது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அவர்கள் இழுத்த குழாய்களெல்லாம் பம்பின் முதுகில் போய் முட்டிக்கொண்டு நின்றன. கணேஷ் சேரின் முகம் சிவந்துவிட்டது. அண்ணனோ இந்த ஒரு சொல்லால் வேலையே போய்விடும் என்று பயந்து, அன்றைக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. பின்னேரம் கணேஷ் சேர் நடந்ததை விளக்கியபோது, முரளி சார் சிரித்துவிட்டார். "தப்பு உங்க மேலயும் இல்ல, எங்க மேலயும் இல்ல சார். கடல இப்படி ரெண்டு பக்கமா வெச்சான் பாருங்க, அவன் மேலதான்."

உம்மாவின் கேள்வி

மகள் அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்று பார்க்க நஸ்ரினின் உம்மா ஒருநாள் ஒஃபிஸுக்கு வந்தார். கையோடு வட்டிலப்பம் வேறு கொண்டுவந்திருந்தார். நஸ்ரின் பெருமையாக ஒரு முழுத் தொழிற்சாலையைத் திரையில் சுழற்றிக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில் போனது. ரயில் போனால் எங்கள் மேசைகள் ஆடும். மூன்று பேரும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். இப்போது கொள்ளுப்பிட்டியில் ஆடாத மேசையில் வேலை செய்கிறேன். அந்த ஆட்டத்துக்கு மனம் ஏங்குகிறது என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

உம்மா ரயில் போகும் வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கவலையோடு கேட்டார்: "இவ்வளவு பெருசாக் கட்டி ஈக்கிறீங்க, ஒரு ஜன்னலாவது வெச்சீங்களா மகள்?"

வளர்ந்துகொண்டே போன தொட்டி

டெம்ப்ளேட்டின் கட்டங்களை வெறுமையாக விட முடியாது. ஏதாவது ஓர் அளவைப் போட்டு வைக்காவிட்டால் சாஃப்ட்வேர் எதையும் வரைய மறுத்துவிடும். அது எந்த அளவாகவும் இருக்கலாம். பாவிக்கிறவர்கள் எப்படியும் மாற்றிக்கொள்வார்கள். நானும் நஸ்ரினும் முழு எண்களாகப் போட்டோம். கிளமென்ட் அண்ணன் செய்த ஒரு சின்ன ரசாயனத் தொட்டியின் உயரத்தில் மட்டும் ஏதோ விசித்திரமான எண் இருந்தது. அதைவிட விசித்திரம், ஒவ்வொரு முறை திருத்தி அனுப்பும்போதும் அந்தத் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனது.

முரளி சாரின் கண்ணுக்கு எதுதான் தப்பும்? போனில் காரணம் கேட்டார். அண்ணன் காது சிவக்க என்னைப் பார்த்தார், நஸ்ரினைப் பார்த்தார், கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். "அது மகளோட உயரம் சேர். வீட்டுக் கதவு நிலையில வெச்சு அளந்து போடுறேன். கட்டார்ல இருக்கும்போது அவ வளந்தத நான் பாக்கல."

இந்த விளையாட்டுக்கு நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பக்கத்தில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முரளி சார் சொன்னார்: "சரி சார், இருக்கட்டும். கடைசி வெர்ஷன் அனுப்புறதுக்கு முன்னாடி பாப்பாவ இன்னொரு தடவ அளந்துடுங்க."

சிவப்பே இல்லாத ஃபைல்

எங்கள் ஃபைல்கள் சென்னையிலிருந்து திரும்பும்போது சிவப்புக் குறிகளால் நிறைந்திருக்கும். மாதங்கள் போகப் போகச் சிவப்புக் குறைந்தது. கடைசி ஃபைல் வந்தபோது நஸ்ரின் மேலும் கீழுமாகத் தேடினாள். ஒரு குறிகூட இல்லை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. கணேஷ் சேர் கேக்கும் பெட்டிஸும் வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் தன் பங்குக் கேக்கை மகளுக்கென்று டிஷ்யூவில் சுற்றி வைத்தார்.

முரளி சாரும் வாழ்த்துச் சொல்ல போன் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கணேஷ் சேர் ஸ்பீக்கரில் போட்டார். நன்றியெல்லாம் சொல்லி முடிந்ததும், அடுத்த வேலை எப்போது அனுப்புவீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். முரளி சார் எங்களைப் புகழ்வதாக நினைத்துத்தான் அந்தப் பதிலைச் சொன்னார். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "இனிமே எதுக்கு சார்? நீங்க பண்ணிக் குடுத்ததே காலத்துக்கும் போதும். எங்க பசங்களே அளவ மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க."

கொட்டாஞ்சேனையில் பகல் சாப்பாடு

கணேஷ் சேர் கொஞ்ச நாள் வேறு வேலை தேடிப் பார்த்தார். பிறகு அந்த மேல்மாடி அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். நஸ்ரினுக்கு நுகேகொடையில் வேலை கிடைத்தது. கிளமென்ட் அண்ணன் கொழும்பு முழுக்க ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் இளம் ஆட்களைத்தான் கேட்டார்கள். கட்டாரில் பழைய கம்பனி மட்டும் உடனே வரச் சொன்னது.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் குடும்பம் மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு, நானும் நஸ்ரினும் அவர் வீட்டில் சாப்பிடப் போனோம். அவருடைய மனைவி கறிகளை அள்ளி அள்ளி வைத்தார். மகள் திறந்து கிடந்த சூட்கேஸுக்குள் காலில் போட்ட சப்பாத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். எழும்பவே மாட்டாளாம். முன்பு போனபோது அவளுக்கு அப்பாவை அடையாளம் தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எவ்வளவு வடிவாச் செய்தனாங்கள் அண்ணன், ஒரு பிழைகூட அவையளால சொல்ல ஏலாமப் போச்சு" என்றேன்.

அண்ணன் மகளின் சப்பாத்தைக் கழற்றினார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சூட்கேஸை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரு பிழையாவது விட்டு வெச்சிருக்கலாம் தங்கச்சி."

பிழை விட்டால் சிவப்புக் குறி வரும், பிழையே விடாவிட்டால் பிளேன் டிக்கெட் வரும். எங்கள் தொழில் அவ்வளவுதான்.