வெரோனிகா மிஸ்ஸின் சனிக்கிழமை சூப்

வெரோனிகா மிஸ் போய்விட்டார். இன்று காலை, பொழிச்சலூரில், மகள் வீட்டில். தூக்கத்திலேயே போய்விட்டதாக மகள் போனில் சொன்னாள்.

என்னோடு வேலை பார்த்த சிலருக்கு அவரை நினைவிருக்கும். டிரினிடாட்டிலிருந்து தாம்பரத்துக்கு மருமகளாக வந்து, எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவர். எழுபதுகளின் தொடக்கம்... சேலையூரில் ஒரே வீட்டில் முன் போர்ஷனில் நான், பின் போர்ஷனில் அவர்.

சனிக்கிழமை என்றால் சூப். அவர்கள் ஊரில் மாட்டுக்காலில் வைப்பார்களாம். வீட்டுக்காரம்மா மனம் நோகக் கூடாது என்று இங்கே ஆட்டுக்கால், கழுத்தெலும்பு... யாரும் விரும்பிக் கேட்காததை எல்லாம் கறிக்கடை பாய் அவருக்காக எடுத்து வைத்திருப்பார்.

காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம்தான் இறக்குவார். கடலைப்பருப்பு, மரவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், விரல் நீளத்துக்கு உருட்டிய மைதா மாவு. உதாரணம் சொல்வதானால், பாயாவும் சாம்பாரும் ஒரே பானையில் சண்டை போடாமல் இருப்பது போல.

ஒரு வாசனை மட்டும் குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வீட்டுக்காரம்மாவின் தொட்டியில் கற்பூரவல்லியைக் கிள்ளி முகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருமலுக்குக் கொடுப்பது என்றேன். "நோ லில்லி... இது எங்க சூப் இலை" என்றார்.

வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு வாரா வாரம் கை நிறையப் பறித்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் டி.பி. வந்தவர்களுக்கு எலும்பு சூப் கொடுத்துத்தான் உடம்பைத் தேற்றுவார்கள். அடுத்த ஸ்டேஷனே சானடோரியம், டி.பி. ஆஸ்பத்திரி. மிஸ்ஸோ ஒல்லி.

வீட்டுக்காரம்மா ஒரு மாலை என்னை நிறுத்தி, மிஸ்ஸுக்கு இருமலா என்று கேட்டார். இலை சூப்புக்குத்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"இலை சூப்புக்கு, சரி. வாரா வாரம் எலும்பு சூப்பு யாருக்கு டீச்சர்? உங்க கொழந்தைய வேற அந்தம்மா மடியில குடுத்துட்டுப் போறீங்க."

நான் டியூஷன் எடுக்கும் நேரத்தில் என் எட்டு மாத மகள் மிஸ்ஸிடம்தான் இருப்பாள். அந்த வாரம் அவளுக்கு இருமல்...

திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் போய், மிஸ்ஸுக்கு டி.பி.யாக இருக்குமோ என்று சொன்னேன். எதற்கும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது என்றேன். என் பெயர் வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

எக்ஸ்ரே எடுத்து, ரிப்போர்ட்டோடுதான் வகுப்புக்கு வர வேண்டும் என்று அன்றைக்கே மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் கணவருக்கு அப்போது வேலையே இல்லை. நெஞ்சு நோய் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் வேறு எந்தப் பள்ளியும் எடுக்காது.

துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்.

சானடோரியத்துக்கு ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் இருமல். கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கேட்டார்.

"யார் சொல்லியிருப்பாங்க, லில்லி?"

"வீட்டுக்காரம்மாவா இருக்கும்" என்றேன்.

"கேட்டுத்தானே பறிச்சேன்..." என்றார். அவ்வளவுதான்.

மூன்று நாள். அவர் வகுப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன். இங்கிலீஷ் மிஸ் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். ஒருவருக்கு ஒரு பொய் என்று கணக்கு வைத்தாலும் அந்த வாரம் எனக்கு நிறைய.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. நுரையீரலில் ஒன்றுமில்லை. ஹெச்.எம். படித்துவிட்டு, அடுத்த பீரியடே வகுப்புக்குப் போகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமையும் சூப் வைத்தார். இலை போடவில்லை. வழக்கம்போல் எனக்கு ஒரு கிண்ணம். என் மகளுக்கு இரண்டு ஸ்பூன் அவரே ஊட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரம்மாவோடு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் பம்மல் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய அன்று வீட்டுக்காரம்மா கேட் அருகில் வந்து நின்றார். மிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

"நா இன்னா பண்ணேன் டீச்சர், மூஞ்சக்கூடப் பாக்காம போவுது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் நாங்கள் சிநேகிதிகள். என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். சொல்ல எத்தனையோ சனிக்கிழமை இருந்தது...

வீட்டுக்காரம்மா போயும் பல வருடம் ஆகிறது.

போய் வாருங்கள் மிஸ். அங்கே அந்த அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஹெச்.எம்.மிடம் சொன்னது அவர் இல்லை.

நான்.