கொதிப்புக்கு அருவிக் குளியல்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம். தென்காசி–குற்றாலம் வழித்தடத்தில் நான் பஸ் டிரைவர். எங்கள் முதலாளி அந்தக் காலத்திலேயே தொழிலாளர்களுக்கு ஒரு மருத்துவத் திட்டம் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கார்டைக் காட்டினால் போதும், பரிசோதனையும் மாத்திரையும் கம்பெனி பொறுப்பு. அங்கேதான் எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது.

கொதிப்பு என்றால் சூடு. சூட்டுக்குக் குளிர்ச்சிதானே மருந்து, மாத்திரை எதற்கு? சாரல் ஆரம்பித்ததும் தினமும் முதல் டிரிப் முடிந்த கையோடு அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருவேன். உடம்பு பஞ்சாகிவிடும். மாத்திரையை நிறுத்தினேன், கார்டையும் மறந்தேன். அவ்வப்போது வந்த தலைசுற்றலைக்கூட அருவி மயக்கம் என்றே நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் காலை தென்காசி ஸ்டாண்டில் பஸ் நிறைய ஆள். கிளப்பப் போகிறேன், டாக்டரம்மா பெட்டியும் கையுமாக ஏறி வந்துவிட்டார். நான் வராததைக் கவனித்துத் தேடி வந்திருக்கிறார். என் சீட்டிலேயே வைத்துக் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். பாதரசம் ஏறியதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எஞ்சினை அணைங்க அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க ஓட்டக் கூடாது."

பயணிகள் கூச்சல் போட்டார்கள். எனக்கு மானம் போன கோபம். நிஜமாகவே ரத்தம் கொதித்தது அப்போதுதான்.

"தினமும் அருவியில குளிக்கேன் டாக்டரம்மா, பெறவு எப்படிக் கொதிப்பு இருக்கும்?" என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. "பேருதான் கொதிப்பு அண்ணாச்சி. உள்ள இருக்கது அழுத்தம். டயர்ல காத்து கூடிப்போச்சுன்னா மேல தண்ணி ஊத்துவீங்களா?"

பின்னால் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டரம்மாவோ முதலாளியிடம் பேசி, அழுத்தம் குறையும்வரை டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்தார். வாராவாரம் பரிசோதித்தார். கருவாட்டையும் ஊறுகாயையும் விட வைத்தார், அதுதான் பெரிய தண்டனை! ஐப்பசியில் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

அருவிக் குளியலை நான் விடவில்லை, ஆனால் மாத்திரை போட்ட பிறகுதான் குளியல். வந்த நோயாளிகளைப் பார்ப்பதோடு நிற்காமல், வராத ஒருவனைத் தேடி பஸ் ஏறிய அந்த அம்மாவை நினைக்காமல் அதன்பிறகு ஒரு நாளும் நான் வண்டியைக் கிளப்பியதில்லை.