அண்ணியின் பச்சைச் சாறு

என் அண்ணிக்குத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலை. ஆனால் தெருவில் யார் இருமினாலும் முதலில் நாடி பிடிப்பவள் அவள்தான். எந்தக் காயில் எந்த வைட்டமின் என்று வாரப் பத்திரிகைகளில் வெட்டியெடுத்த அட்டவணைகள் சமையலறைக் கதவையே மறைத்திருக்கும். நோயாளியைப் பார்க்க மற்றவர்கள் பழத்தோடு போவார்கள். அவள் ஃபிளாஸ்க்கோடு போவாள். குடித்து முடித்தால்தான் நலம் விசாரிப்பாள்.

அண்ணனுக்கு இதய வால்வு மாற்றியதும் அவளுக்குச் சரியான ஆள் மாட்டினான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "கீரை இந்த மாத்திரையோட வேகத்தைக் குறைச்சிடும். அதைத் திடீர்னு கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாட்டு மருந்து எதுவானாலும் எங்கிட்ட சொல்லணும்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். "கீரை தின்னு எல்லாரும் நல்லாயிட்டா இவர் கடை எப்படி ஓடும்?"

மறுநாள் காலையிலிருந்து ஒரு டம்ளர் கீரைச் சாறு. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

மாத்திரை போதவில்லை என்றது ரத்தப் பரிசோதனை. டாக்டர் அளவைக் கூட்டினார். "பார்த்தியா, மாத்திரை எதுக்கும் ஆகல!" என்று அண்ணி சாற்றை இரண்டு டம்ளராக்கினாள். அவர் மறுபடி கூட்டினார். இருவரும் ஏலம் கேட்பதுபோல் ஏற்றிக்கொண்டே போனார்கள். எதிரே ஒரு ஆள் கேட்கிறாள் என்பதே பாவம் டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளோடு யார் மல்லுக்கட்டுவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

மகளின் பிரசவத்துக்காக அண்ணி பத்து நாள் ஊருக்குப் போனாள். விட்டது சனியன் என்று அண்ணன் கீரைக்கட்டையெல்லாம் பக்கத்து வீட்டு முயலுக்குப் போட்டான். பதினோராம் நாள் அவன் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவேயில்லை.

அண்ணி பெட்டியும் கையுமாக ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தாள்.

"சாப்பாட்டுல என்ன மாறிச்சு? அது தெரியாம நான் அளவு போட்டா அடுத்த தடவை மூளைக்குள்ள கசியும்" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான் அண்ணன், மூக்கில் பஞ்சோடு. அப்போதும் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான்தான் டாக்டர்" என்றாள் அண்ணி. "தினமும் ரெண்டு டம்ளர் கீரைச் சாறு குடுத்தேன். உங்ககிட்ட மறைச்சேன். நான் ஊருக்குப் போனதும் இவர் நிறுத்தியிருப்பாரு."

அண்ணன் தலையாட்டினான். டாக்டர் ஏதோ எழுதிக்கொடுத்தார். நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

"இது என்ன மருந்தும்மா?" என்று கேட்டேன்.

"வைட்டமின் கே. ரத்தத்தை உறைய வைக்கும். கீரையில நிறைய இருக்குமே, அதுதான்."

அண்ணி இப்போது பிடித்துக்கொள்வாள், அட்டவணையை ஒப்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் காதில் அது விழவேயில்லை. அண்ணன் மீசையில் காய்ந்திருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தாள்.